ரிடையர் ஆனதும் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் நின்றுவிடும். அடுத்து என்ன செய்வது?

உங்களுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு, மனைவியும் அதே கம்பெனி பாலிசியில்தான் இருக்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே எச்.ஆரிடம் கேட்டு, அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு இருவரும் மாற விண்ணப்பியுங்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டி வரும். இப்படி மாறினால் பழைய பாலிசியில் கழிந்த காலம், பழைய காப்புத் தொகை அளவுக்குக் கணக்கில் சேரும்.

படிவத்தில் சர்க்கரையை மறைக்கவே மறைக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரை பெயர் உட்பட எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால், பணம் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் கிளெய்மை மறுத்துவிடுவார்கள்.

அப்புறம், பிரீமியம் குறைவு என்று மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். கோ-பே, அதாவது பில்லில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு, 20% என்றால், 3 லட்ச ரூபாய் பில்லில் 60,000 உங்கள் கையிலிருந்து போகும். ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் தருகிறார்கள், சரி. ஆனால் உங்களுக்கு அதற்கு இன்னும் 12 வருடம் இருக்கிறது.