பத்துக்குப் பத்து கணக்கும் நடுவுல நிக்கிற டீமும்

அன்புள்ள அண்ணா,

நான் கொலம்பஸ்ல, ஒஹாயோ ஸ்டேட்ல எம்.எஸ். ரெண்டாவது வருஷம். அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தி எழுதினப்ப "பிக் டென் வெஸ்ட் ஒண்ணும் அவ்வளவு சொத்தை இல்ல"ன்னு போற போக்குல சொல்லியிருந்தீங்க. பிக் டென்ங்கற யுனிவர்சிட்டி டீம்களோட கூட்டமைப்பு 2014ல இருந்து 2023 வரைக்கும் ஈஸ்ட், வெஸ்ட்னு ரெண்டு டிவிஷனா இருந்துச்சு, பத்து ஃபைனல், பத்துலயும் ஈஸ்ட் டிவிஷன்தான் ஜெயிச்சுது. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்? தெற்குப் பக்கத்து கூட்டமைப்பு எஸ்.இ.சி.யோட வெஸ்ட் டிவிஷனோட வச்சுப் பாத்தா நம்ம ஈஸ்ட் எங்க நிக்கும்? 2024ல டிவிஷனையே தூக்கினது சரியா?

*

தம்பி,

"நம்ம ஈஸ்ட்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே மனசு குளுந்துருச்சு. வந்து ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள நம்ம ஆயிருச்சு. நல்லா இருங்க. எஸ்.இ.சி. கேள்விய மட்டும் விட்டுருங்க, அது வேற ஊர் பஞ்சாயத்து.

இந்த பத்துக்குப் பத்து இருக்கே, இத யாராவது எடுத்துட்டு வந்தாலே எனக்கு கோவம் வருது. ஃபைனல்ல ரெண்டு பக்கத்து முதல் டீம் மட்டும்தான மோதுது? டிவிஷனுக்கு 7 டீம், 2016ல இருந்து ஆளுக்கு கூட்டமைப்புக்குள்ளயே 9 மேட்ச், அதுல 3 எதிர் டிவிஷனோட, கோவிட் வருஷத்த விட்டா சீசனுக்கு 21 மேட்ச் ஈஸ்ட்டும் வெஸ்ட்டும் நேருக்கு நேர் ஆடியிருக்கு, அந்த 21ஐயும் விட்டுட்டு கடைசி ஒண்ண மட்டும் தூக்கிட்டு வந்து ப்ரூஃப்ங்கறீங்க. எம்.எஸ். படிக்கிற புள்ள பேசற பேச்சா இது?

உச்சில ஈஸ்ட்தான் பலம், யாரு இல்லேன்னா. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் நாலையும் ஒரே பக்கம் தள்ளிட்டா வேற என்ன ஆகும்? 2022ல 11-1ல (11 ஜெயிச்சு 1 தோத்து) இருந்த உங்க டீம் வீட்ல உக்காந்திருந்துச்சு, 8-4ல இருந்த, வெஸ்ட்ல ஆடற, நான் படிச்ச பர்டூ ஃபைனலுக்கு இண்டியானாபொலிஸ் போச்சு. 2011ல லெஜண்ட்ஸ், லீடர்ஸ்னு பிரிச்சப்ப அந்த பேர கேட்டு ஊரே சிரிச்சுது, ஆனா அதுல பலத்த பாத்து பிரிச்சிருந்தாங்க. 2014ல மேப்ப வச்சு கோடு போட்டாங்க, அவ்வளவுதான்.

ஆனா ஒரு டிவிஷன் பலமா இல்லையான்னு தெரியணும்னா அதோட நடுவ பாக்கணும் தம்பி, நடுவ. 2017ல அயோவா 7-5, வெஸ்ட்டோட ராஜா எல்லாம் இல்ல. உங்க ஒஹாயோ ஸ்டேட் அவங்க கினிக் ஸ்டேடியத்துக்கு போச்சு, முதல் ப்ளேலயே பந்த அயோவாக்காரன் பிடிச்சுட்டு ஓடி டச்டவுன் போட்டான், கடைசில 55-24. அடுத்த வருஷம் பர்டூ 6-6, தோல்வி இல்லாம ரெண்டாவது ரேங்க்ல வந்த ஒஹாயோ ஸ்டேட்ட 49-20ன்னு அடிச்சுது. அந்த ரெண்டு வருஷமும் பிக் டென் ஃபைனல ஜெயிச்சது உங்க டீம்தான், ரெண்டு வருஷமும் தேசிய சாம்பியன தீர்மானிக்கிற ப்ளேஆஃப்ல இடம் கிடைக்கல. பத்து வருஷத்துல வெஸ்ட் டீம்கிட்ட ஒஹாயோ ஸ்டேட் தோத்ததே இந்த ரெண்டு தடவதான். முதல் இடத்துல இருந்தவனா தோக்கடிச்சான்? நடுவுல நின்னவன். உங்க ஈஸ்ட்ல அடில இருந்த ரட்கர்ஸ் 2016ல மிச்சிகன்கிட்ட 78-0 வாங்குச்சு, ஒரு வாரம் முன்னாடி உங்ககிட்ட 58-0. அத யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப மாட்டேங்கறீங்க.

49-20 ராத்திரி நான் பர்டூவோட ராஸ்-ஏட் ஸ்டேடியத்துல இருந்தேன். ரூம்ல இருந்த தெலுங்கு பையன் டிக்கெட் மிச்சம் இருக்குன்னு இழுத்துட்டு போனான், எனக்கு ரூல்ஸே பாதிதான் தெரியும், குளுருக்கு கைய பாக்கெட்ல இருந்து எடுக்கல. ரோண்டேல் மூர்னு ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன், ஆள் குட்டை, பிடிக்க வர்றவன் கைல சிக்கவே இல்ல, முன்னாடி நின்னவரு ஒவ்வொரு தடவையும் திரும்பி என் தோள உலுக்குறாரு, யாருன்னே தெரியாது. அன்னிக்கு ஸ்டேடியத்துல டைலர் டிரென்ட் இருந்தான், எலும்புல கேன்சர், எங்க ஸ்டூடன்ட்தான், பர்டூ ஜெயிக்கும்னு முன்னாடியே டிவில சொல்லியிருந்தான். முடிஞ்சதும் எல்லாரும் கிரவுண்டுக்குள்ள இறங்கிட்டாங்க, நானும்தான். 2019 ஜனவரி 1 அன்னிக்கு அவன் போய்ட்டான். இப்ப ஸ்டூடன்ட்ஸ் உள்ள போற கேட்டுக்கு அவன் பேரு. வெஸ்ட் சொத்தைன்னு நீங்க சொல்றப்ப எனக்கு இதெல்லாம்தான் ஞாபகம் வருது, நான் என்ன பண்ண?

அந்த பத்து ஃபைனலும் ஒரே மாதிரி இல்ல. 2015ல அயோவா ஒரு தோல்வி இல்லாம வந்துச்சு, மிச்சிகன் ஸ்டேட் 22 ப்ளே, ஒன்பது நிமிஷத்துக்கு மேல, இஞ்ச் இஞ்சா நகத்தி 27 செகண்ட் இருக்கறப்ப டச்டவுன் போட்டு 16-13ன்னு தப்பிச்சுது. அதுவும் உங்க கணக்குல ஒண்ணு, 2014ல விஸ்கான்சின நீங்க அடிச்ச 59-0வும் ஒண்ணு.

டிவிஷன தூக்கினது சரியான்னு கேட்டீங்க. சரிதான். பிக் டென்ல 18 டீம் ஆனப்புறம் கோடு எங்க போட்டாலும் ஒருத்தன் அழுவான். 2025 ஃபைனல்ல உங்கள 13-10ன்னு தோக்கடிச்ச இண்டியானா, ஈஸ்ட்ல பல வருஷம் யாரும் கண்டுக்காம கிடந்த டீம்தான், அத பத்தி மட்டும் இன்னொரு லெட்டர் போட்றாதீங்க, பர்டூல படிச்சவன் வாயால இண்டியானாவ பாராட்டி எழுத வைக்க முடியாது.