தக்காளியைக் கொட்டுவது ஏன், பால் வராமல் போவது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தக்காளியைச் சாலையில் கொட்டுகிறார்கள் என்று ஒரு சமயம் செய்தி வருகிறது. சில மாதம் கழித்துக் கிலோ 100 ரூபாய் ஆகிறது. குளிர்பதனக் கிடங்கு கட்டினால் தீராதா? (மடிப்பாக்கம் வாசகி)

கிடங்கால் மட்டும் தீராது. பழுக்காத தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால், வெளியே எடுத்த பிறகு சரியாகப் பழுக்காது. ருசி போய், சீக்கிரம் அழுகும். பக்குவமான குளிரில் வைத்தாலும் சில வாரம்தான் தாங்கும். உருளைக்கிழங்கு மாதிரி மாதக்கணக்கில் அடுக்கி வைக்கிற சரக்கு இல்லை அது.

சிக்கல் நடவிலேயே தொடங்குகிறது. நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பறிப்பு. விலை ஏறியதும் மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரி என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் மண்டிக்கு வருகிறது. விலை பறிகூலிக்கும் லாரி வாடகைக்கும் கட்டாமல் போனால், செடியிலேயே விட்டுவிடுவதுதான் நட்டத்தைக் குறைக்கிற வழி. ‘கொட்டுவதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே’ என்று அவர்களைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஏழையின் வீடுவரை போகிற வண்டிக்கு வாடகை யார் தருவது? கையைச் சுட்டுக்கொண்டவர் அடுத்த போகம் நடமாட்டார். வரத்து குறையும். கூடவே மழையோ நோயோ வந்தால் 2023 ஜூலை மாதிரி ஆகிவிடும். அப்போது தமிழக அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்தது.

விழுது ஆலை வைக்கலாமே என்பார்கள். நாம் சமைக்கிற தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் நீர். ஒரு கிலோ கெட்டி விழுதுக்கு ஆறு கிலோ பழம் வேண்டும். ஆலைக்கென்றே சதைப்பற்றுள்ள ரகத்தை ஒப்பந்தம் போட்டுப் பயிரிட்டால் கட்டுப்படியாகும். மண்டியில் மிஞ்சியதை நம்பி ஆலை ஓடாது. எத்தனை ஏக்கருக்கு நாற்று போயிருக்கிறது என்பது நாற்றங்கால்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு வாராவாரம் விவசாயியின் காதுக்கு எட்டினால் நடவு தானாக முன்பின் ஆகும். கிடங்கைவிட இது மிக மலிவு.

ஒரே பெரிய சந்தையை நம்பி ஊர் இருக்கலாமா? (வளசரவாக்கம், காய்கறிக் கடைக்காரர்)

நீங்களே பார்த்திருப்பீர்கள். 2020 மே 5ஆம் தேதி கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் போயின. செப்டம்பர் இறுதியில்தான் காய்கறிச் சந்தை திரும்பவும் திறந்தது. பெரிய சந்தையால் நன்மை உண்டு: லாரி முழுச் சுமையோடு வரும், விலை ஓரிடத்தில் தெரியும். ஆனால் அந்த ஒரு வாசல் அடைபட்டால் மாற்று வழி இல்லை. மதுரையில் 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகள் கோயம்பேட்டின் வேலையைச் செய்யாது. என்றாலும் பெரியது முடங்கும் நாளில் ஊரைத் தாங்குவது அந்தச் சின்ன வாசல்கள்தான். உங்களுக்கு ஒரு யோசனை: வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் நேரில் சரக்கு எடுங்கள். விலை இரண்டு ரூபாய் கூடினாலும் அந்தப் பழக்கம் ஒருநாள் கைகொடுக்கும்.

உக்ரைனில் போர் நடந்தால் எங்கள் வீட்டு எண்ணெய் ஏன் விலை ஏறுகிறது? (திருச்சி வாசகர்)

இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. போருக்கு முன் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. 2022 பிப்ரவரியில் அது தடைபட்டதும் எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்பினார்கள்; ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. மே 23இல் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஒன்று குறைந்தால் மற்றதை வாங்குவதால் எல்லா எண்ணெயும் சேர்ந்தே ஏறும். நம் மானாவாரி நிலத்துக் கடலையும் எள்ளும் இந்தப் பள்ளம் முழுவதையும் அடைக்காது, விலையும் அதிகம். ஆனாலும் கொஞ்சமாவது உள்ளூர் எண்ணெய் இருந்தால் அடி அந்த அளவுக்குக் குறையும்.

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு மழையில் காவல் இருக்கிறோம். விடிவு உண்டா? (மன்னார்குடி விவசாயி)

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு கையால் அறுத்து, அரியை (அறுத்த கதிர்த் தாளை) வயலில் காயவிட்டுப் பிறகு அடித்தார்கள். இப்போது இயந்திரம் அறுத்த நெல் ஈரத்தோடு, ஊர் முழுக்க ஒரே வாரத்தில் வந்து குவிகிறது. நிலையமும் சாக்கும் லாரியும் பழைய வேகத்துக்கு ஏற்ப இருக்கின்றன. மழை வருடத்தில் விதியைத் தளர்த்துவது அந்த வருடத்துக்கு மட்டும்தான் மருந்து. ஈர நெல் கிடங்கில் சூடேறிக் கெடும் என்பதும் உண்மை. நிலையத்துக்குப் பக்கத்திலேயே உலர்த்தும் இயந்திரமும் கூரையும் வேண்டும். உழவர் குழுவாகச் சேர்ந்து நடமாடும் உலர்த்தியை வாடகைக்குப் பிடிக்க முடியுமா என்று விசாரியுங்கள். அதுவரை குவியலாக வைக்காதீர்கள். மழை விட்டதும் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள்.

பக்கத்து ஊர் விளைச்சலை வாங்கினால் புவி வெப்பம் குறையுமா? (கல்லூரி மாணவி, கோவை)

கொஞ்சம். உணவால் வருகிற வெப்பவாயுவில் போக்குவரத்தின் பங்கு பொதுவாகச் சிறியது. என்ன சாப்பிடுகிறோம், எப்படி விளைந்தது, எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பவைதான் பெரியவை. உதாரணத்துக்கு, எப்போதும் தண்ணீர் தேங்கிய நெல் வயல் மீத்தேன் என்ற வெப்பவாயுவை வெளியிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டினால் அதுவும் குறையும், தண்ணீரும் மிஞ்சும்.

புயலுக்கு வீட்டில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்? (வேளச்சேரி வாசகி)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பலருக்கு முதலில் கிடைக்காமல் போனது பால். அரிசி வீட்டில் இருக்கும். பாலுக்கு அன்றாடம் வண்டி வந்தாக வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் பத்து நாளைக்கு. குடிநீர் மூன்று நாளைக்கு. நிரம்பிய சிலிண்டர் ஒன்று. குழந்தை இருக்கும் வீட்டில் பால்பவுடர். பவுடர் டப்பாவின் காலாவதித் தேதியை மூடியில் பெரிதாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறக்கும் முன் பழையதைத் தீர்த்துவிட்டுப் புதியது வாங்கிவிடுங்கள்.