பத்தாவதில் தமிழ் இல்லை: எஸ்பிஐ கிளார்க் பணிக்குத் தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கலாமா?

பெங்களூரில் படித்த உங்களுக்குப் பத்தாவதில் தமிழ் இல்லை; மதிப்பெண் பட்டியலில் தமிழ் இருந்தால்தான் தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கலாம் என்று நண்பர் சொல்கிறார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் ஹிந்தியும் சமஸ்கிருதமும் படித்ததால் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ள மாட்டார்கள். ஆனால் ஜூனியர் அசோசியேட் பணிக்கு (கிளார்க் பணியின் அதிகாரப்பூர்வப் பெயர் இதுதான்) அந்தந்த மாநில மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும்.

'மதிப்பெண் பட்டியலில் தமிழ் இருக்க வேண்டும்' என்று உங்கள் நண்பர் சொன்னது, அறிவிப்பிலுள்ள ஒரு வரியைப் பாதி படித்ததால் வந்த குழப்பமாக இருக்கலாம். 10 அல்லது 12ஆம் வகுப்புப் பட்டியலில் அந்த மொழி இருந்தால் மொழித் தேர்வு கிடையாது. இல்லையென்றால், முதன்மைத் தேர்வில் தேறிய பிறகு, பணியில் சேரும் முன் அந்தத் தேர்வை எழுதியாக வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் 12ஆம் வகுப்புப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். அதில் தமிழ் இருந்தால் கவலையே இல்லை.

அப்புறம், இன்றைக்கே ஒரு சோதனை. நாளிதழில் ஒரு செய்தியை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு 18,450 ரூபாயை எழுத்தில் எழுதிப் பாருங்கள். 'பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது' என்று தடுமாறாமல் வந்தால் நல்லது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்குப் பேச்சு சரளமாக வரும். ரகர றகரத்தில்தான் கை நிற்கும். தினமும் அரை மணி நேரம் எழுதுங்கள், ப்ளீஸ்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மொழித் தேர்வில் தேறாவிட்டால் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் நியமனம் கிடையாது. ஒரு மாநிலத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும்; பிறகு கர்நாடகத்துக்கு மாற்றல் கேட்கவும் விதியில் இடமில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.