சூட்டில் நின்றுபோகும் பழைய மெர்சிடிஸ் எம்எல்: ஈசியூ மேல் பழி போடும் முன்

குடியாத்தம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2008 மாடல் மெர்சிடிஸ் எம்எல் 320 சிடிஐ, காலையில் ஜோராக ஓடுகிறது, மத்தியான வெயிலில் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் காப்பது), ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காப்பது) லைட்டும் எரிகிறதாம். "ஈசியூ போச்சு, பழசு ஒன்று வரவழைத்துத் தருகிறேன், எண்பதாயிரம்" என்கிறார் ஒருவர். ஈசியூ என்பது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர். எந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

முதலில், அந்த எண்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். சூட்டில் நின்று ஆறினதும் ஓடுகிற வண்டி என்றால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் இருக்கிறது, வண்டிக்கு அடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான், இது வாயை மூடிவிட்டால் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயில், காற்றோட்டம் இல்லாத டோல்கேட் வரிசை, பக்கத்திலேயே கொதிக்கிற எஞ்சின். வயதான சென்சார் தாங்காது.

சோதனை எளிது, ஆனால் வண்டி நின்றுபோயிருக்கும்போதே செய்ய வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டி லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மை (எஞ்சின் சுற்றும் வேகம்) வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் சுற்றியும் ஆர்பிஎம் 0 என்றே நின்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர். 200 பக்கம் காட்டியும் பிடிக்கவில்லையா, ரெயில் பிரஷரை, அதாவது இன்ஜெக்டருக்குப் போகிற டீசலின் அழுத்தத்தை, பார்க்கச் சொல்லுங்கள். ஆறின பிறகு ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

ஸ்கேனரில் பி0335 என்று கோளாறு கோட் வந்தால் உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும். சென்சாரில் ஒயர் சேருகிற கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், ஆயில் ஊறியிருக்கிறதா, உள்ளே இருக்கும் கம்பிப் பின்கள் பச்சை பூத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா. இந்த வி6 டீசலில் ஆயில் கூலர் சீல் கசிந்து எஞ்சினின் பின்பக்கமாக வழிவது பிரசித்தம், அது இறங்குகிற இடமும் இதே மூலைதான்.

ஏபிஎஸ், ஈஎஸ்பி வேறு கதை. சக்கரத்துக்கு ஒரு சென்சார், ஹப்பை ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்று போனாலே இரண்டு மூன்று லைட் சேர்ந்து எரியும், பயப்படாதீர்கள். ஆனால் போனில் இணைக்கிற மலிவு ஸ்கேனர் எஞ்சின் கோடை மட்டும்தான் படிக்கும், அதை வைத்துக்கொண்டு "ஏபிஎஸ்ஸில் கோட் இல்லை" என்பவரை நம்ப வேண்டாம். கேட்காமலே கோடை அழித்துவிடுகிறவர் இன்னும் மோசம், கோளாறு வந்த நேரத்தில் பதிவான விவரமும் அதோடு போய்விடும்.

அப்புறம், வீடியோ பார்த்து இடம் தேடுகிறவர்களுக்கு: அமெரிக்காக்காரன் டிரைவர் பக்கம் என்றால் நமக்கு அது கிளீனர் பக்கம்.

வெளியிலிருந்து எட்டாத சென்சாரும் உண்டு. 7 கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வேக சென்சார்கள் உள்ளே, ஆயிலுக்குள், கன்ட்ரோல் யூனிட்டோடு சேர்ந்தே வருகின்றன. அது போனால் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு இழுக்காது. தனியாக ஒரு சென்சாரை மாற்ற முடியாது. யூனிட்டும் திருட்டுத் தடுப்போடு பிணைக்கப்பட்டது, இன்னொரு வண்டியில் கழற்றியதைப் புதுப்பேட்டையில் வாங்கி மாட்டினால் உங்கள் வண்டி அதை ஏற்காது. எஞ்சின் ஈசியூவும் அப்படித்தான், சாவியோடு பேசி ஒத்துப்போனால்தான் ஸ்டார்ட் ஆகும். எண்பதாயிரம் கேட்ட அந்த ஆள் பழசை மாட்டிவிட்டு, "புரோகிராமிங் தனி சார்" என்று அடுத்த பில்லை நீட்டுவார். கியர்பாக்ஸுக்கு இந்தக் கோளாறு வந்தால் மட்டும் தெரிந்தவரிடம் போங்கள், செலவும் ஆகும், வேறு வழியில்லை.

இத்தனைக்கும் ஒயரிங் வரைபடம் ஒன்று கையில் இருந்தால் கிராங்க் சென்சார் வேலையைக் காட்பாடியில் எந்த எலக்ட்ரீஷியனும் முடித்துவிடுவார். 2022 டிசம்பரில் மத்திய அரசு ரைட் டு ரிப்பேர் (பழுது பார்க்கும் உரிமை) என்று ஒரு போர்ட்டல் திறந்தது. போர்ட்டல் திறந்தால் ஆயிற்றா, நம்மூர் ஷெட்டுக்கு வரைபடம் வர வேண்டாமா?

கிராங்க் சென்சார்தான் என்று உறுதியானால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுத்து, பில்லோடு வாங்குங்கள். பிராண்ட் பெட்டிக்குள் டூப்ளிகேட் நிறைய வருகிறது. கழற்றிய பழையதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.