மிக்ஸி கேள்வி-பதில்: வாட்டை விடுங்கள், ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், ஊர்தான் வேறு வேறு. அதனால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். மாடல் பெயர் எழுதாமல், என்ன அரைத்தீர்கள் என்றும் சொல்லாமல் "சரியில்லை" என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும். ஒருவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: புது மிக்ஸி வாங்கி 3 நாள் ஆகிறது. நன்றாக அரைக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது? (சேலம்)

பதில்: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கேட்டீர்களே, சந்தோஷம். முதலில் சட்னி ஜாரை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள், எவ்வளவு ஊற்றினால் பிளேடைத் தொடுகிறது என்று பாருங்கள். கால் டம்ளருக்குள் தொட்டால் நல்ல ஜார். அரை டம்ளர் ஊற்றியும் பிளேடு மேலே தனியாக நின்றுகொண்டிருந்தால் அந்த ஜாரில் இரண்டு பேருக்குச் சட்னி அரைக்க முடியாது, எவ்வளவு பெரிய மோட்டார் கீழே இருந்தாலும் சரி. அடுத்து கால் மூடித் தேங்காயைத் துருவாமல் கீறிப் போட்டு, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை, இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சமாகத் தண்ணீர். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை முறை மூடியைத் திறந்து வழித்து விட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நாலு என்றால் யோசியுங்கள். சட்னியை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், உப்பும் காரமும் ஏமாற்றிவிடும். விரல் நுனியில் தேய்த்துப் பாருங்கள், திப்பி இருந்தால் தெரியும்.

அப்புறம் மல்லி விதையை வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஒரு கைப்பிடி மட்டும் பொடித்துச் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் கப்பி எவ்வளவு என்பதுதான் மார்க். பொடி தொடும்போது இளஞ்சூடாக இருக்கலாம், சுடக் கூடாது. சுட்டால் வாசனை போய்விட்டது என்று அர்த்தம்.

கடைசியாக ஊறவைத்த அரிசி ஒரு டம்ளர் அரையுங்கள். முதல் சில தடவை லேசாகக் கருகல் வாடை வரும், மோட்டார் காயிலில் பூசிய வார்னிஷ் சூடாவது அது, பயப்பட வேண்டாம். புகை வந்தால் பயப்படுங்கள், உடனே கடைக்குக் கொண்டுபோங்கள். எதைச் சோதித்தாலும் ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். இதைப் போன தடவையும் சொன்னேன், அடுத்த தடவையும் சொல்வேன்.

கேள்வி: மிக்ஸி ஓடவில்லை. என்ன செய்ய? (ஊர் எழுதவில்லை)

பதில்: ஊரும் இல்லை, மாடலும் இல்லை, சத்தம் வருகிறதா இல்லையா என்பதும் இல்லை. சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னதாகச் சிவப்பு பட்டன் இருக்கும், ஓவர்லோட் சுவிட்ச். பாரம் அதிகமானால் மோட்டார் எரியாமல் அது துண்டித்துவிடும். 10 நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். என் பக்கத்து வீட்டு அக்கா இதை அழுத்திக் கொடுத்ததற்கு ஒரு கடையில் 300 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார், "மோட்டாரைக் கழற்றி சர்வீஸ் பண்ணினோம்" என்று பில் வேறு. அழுத்தியும் ஓடவில்லை என்றால் முழு விவரத்தோடு எழுதுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போட்டிருப்பீர்கள் என்பது என் யூகம்.

கேள்வி: எங்கள் வீட்டில் 5 பேர். 750 வாட் போதுமா, 1000 வாட் வாங்கலாமா? வாட் கூடினால் நைஸாக அரைக்கும் என்கிறார்களே? (மதுரை, திருச்சி, காஞ்சிபுரம் இன்னும் பலர்)

பதில்: வாருங்கள், இதற்குத்தான் காத்திருந்தேன்.

வாட் என்பது மிக்ஸி லைனிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதன் கணக்கு. பிளேடில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது வேறு கணக்கு. இழுத்ததில் ஒரு பங்கு சூடாகப் போகிறது, ஒரு பங்கு மோட்டாரை ஆற்றும் விசிறிக்குப் போகிறது, கொஞ்சம் சத்தமாக உங்கள் காதுக்குப் போகிறது. நிறையச் சாப்பிடுகிறவன் நிறைய வேலை செய்வான் என்று எந்த முதலாளியாவது ஆளை எடுக்கிறானா? மிக்ஸியை மட்டும் அப்படித்தான் எடுக்கிறோம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 1000 என்று போட்டிருந்தால் விற்பனைப் பையன் அதைத் தட்டிக் காட்டுகிறான், நாமும் தலையாட்டுகிறோம். நிமிடத்துக்கு 20,000 சுற்று என்று போட்டிருப்பார்களே, அதுவும் ஜாரில் ஒன்றும் இல்லாதபோது ஓடும் வேகம்தான். மாவைப் போட்டதும் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று எந்தப் பெட்டியிலும் போட்டு நான் பார்த்ததில்லை.

என் சமையலறையில் ஒரு பழைய 500 வாட் இருக்கிறது. கலர் மங்கி, வயர் இரண்டு முறை மாற்றி, பார்க்க ஒன்றும் இருக்காது. அதன் சட்னி ஜார் குறுகலானது, உள்சுவரில் மேலிருந்து கீழே ஓடும் மேடு இருக்கிறது, பிளேடு தரையோடு ஒட்டினாற்போல இருக்கும். தேங்காய் சுவரில் மோதி, மேட்டில் தடுக்கி, மறுபடி பிளேடுக்கே வந்து விழுகிறது. போன வருடம் சோதிக்கக் கிடைத்த 1000 வாட் ஒன்றில் அதே தேங்காயைப் போட்டேன். அடி அகலமான ஜார், சுவர் வழவழவென்று இருந்தது, அழகாகவும் இருந்தது. 2 நொடியில் தேங்காய் முழுவதும் சுவரில் போய் அப்பிக்கொண்டது, பிளேடு நடுவில் காற்றை அரைத்துக்கொண்டிருந்தது. 4 முறை வழித்து விட்டேன், மாமியார் மருமகளிடம் பேசுகிற மாதிரி அதனிடம் பேசியும் பார்த்தேன், திப்பிதான் மிச்சம்.

வாட் அதிகம் இருப்பதில் பயனே இல்லை என்று சொல்லவில்லை. காய்ந்த மஞ்சள், கெட்டியான உளுந்து மாவு, கல்யாண வீட்டு அளவு மசாலா, இதற்கெல்லாம் பெரிய மோட்டார் திணறாது. சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கும் ஊர்களிலும் கொஞ்சம் கைகொடுக்கும். 5 பேர் வீட்டுக்கு 750 தாராளம். பெட்டியில் வாட்டைப் பார்க்கிற கண்ணால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பாருங்கள், 30 நிமிட ரேட்டிங் என்று இருக்கும். 30 நிமிடம் நிற்காமல் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் 5 நிமிடம் ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி ஓட்டும் கணக்கு அது. கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கும் சேர்த்து: தினமும் கால் மணி நேரம் 750 வாட் ஓட்டினால் மாதம் 6 யூனிட் கூட வராது.

ஆகவே கடைக்குப் போனால் ஜாரைக் கையில் வாங்கி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள் (பிளேடு பத்திரம்), கவிழ்த்து அடியில் மோட்டாரோடு கோர்க்கும் கப்ளரைச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆடக் கூடாது. விற்பனைப் பையன் முறைப்பான், முறைக்கட்டும்.

கேள்வி: இங்கே விலை உயர்ந்த பிளெண்டர் வைத்திருக்கிறோம். ஸ்மூத்தி வெண்ணெய் மாதிரி வருகிறது, தேங்காய்ச் சட்னி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. பிளெண்டரில் குறையா? ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரலாமா? (நியூ ஜெர்சி)

பதில்: குறை பிளெண்டரில் இல்லை. பிளெண்டர் பிறந்ததே குடிக்கிற பொருளுக்காக. 1922ல் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் என்ற ஊரில் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி என்பவர் மால்ட் பால் கலக்குவதற்காகக் கண்டுபிடித்த ஜாதி அது. உயரமான ஜார், நிறையத் திரவம், நடுவில் சுழல், மேலே இருப்பதை அந்தச் சுழல் கீழே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாவிட்டால் சுழல் இல்லை, பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக்குழி விழுந்துவிடும், தேங்காய் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். கூடவே கொடுத்த குத்துக்கோல் இருந்தால் மூடி வழியாக விட்டு அழுத்திக்கொண்டே ஓட்டுங்கள், ஓரளவு சரியாகும். அளவையும் இரண்டு மடங்காக்குங்கள். பாதாம் பால், கீரை, சூப் இவற்றில் உங்கள் பிளெண்டரை எந்த மிக்ஸியாலும் தொட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தகராறு புதிதல்ல. வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்சர் நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோனதால்தான் 1960களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியர் சுமீத் மிக்ஸியையே உருவாக்கினார்.

ஊரிலிருந்து கொண்டுபோவது பற்றி: இங்கே 230 வோல்ட், அங்கே 120. அப்படியே சொருகினால் முனகும், அரைக்காது. 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் மிக்ஸி மோட்டாருக்குப் பிரச்சினையே இல்லை, வோல்டேஜ்தான் பிரச்சினை. வோல்டேஜைக் கூட்டும் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதுவும் மிக்ஸி வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக. மிக்ஸியை விட அது கனமாக இருக்கும். அங்கேயே 110 வோல்ட் மிக்ஸி விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பிளெண்டரை இங்கே கொண்டுவந்து சொருகிவிடாதீர்கள், மோட்டார் போய்விடும்.

கேள்வி: கிரைண்டர் ரிப்பேர். மிக்ஸியில் இட்லி மாவு அரைத்தால் இட்லி கல்லாக வருகிறது. மிக்ஸி மட்டமா? (தஞ்சாவூர்)

பதில்: கிரைண்டர் கல் நசுக்கும், மிக்ஸி பிளேடு வெட்டும். வேகம் அதிகம், அதனால் சூடும் அதிகம். உளுந்து சூடானால் பொங்காது. ஐஸ் தண்ணீர் விட்டு, அரை நிமிடம் ஓட்டி அரை நிமிடம் நிறுத்தி அரையுங்கள். உளுந்து மாவில் ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், மிதக்கும்வரை அரிசியைத் தொடாதீர்கள். கிரைண்டரில் அரிசி 4க்கு உளுந்து 1 போடுகிறவர்கள் மிக்ஸியில் 3க்கு 1 போடுங்கள். பாதி ஜாருக்கு மேல், ம், தெரியும்தானே.

கேள்வி: 6 மாதத்தில் 3 கப்ளர் உடைந்துவிட்டது. கம்பெனி மட்டமான பிளாஸ்டிக் போடுகிறதா? (ஈரோடு)

பதில்: கப்ளர் உடைவதற்காகவே வைத்தது. ஜார் இறுகி நின்றால் 50 ரூபாய் கப்ளர் போய் 1500 ரூபாய் மோட்டார் தப்பிக்கிறது. ஆனால் 6 மாதத்தில் 3 என்பது அதிகம். ஒன்று, பிளேடின் தண்டைத் தாங்கும் ஜார் புஷ் இறுகியிருக்கிறது, கையால் சுற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் மோட்டார் நிற்பதற்கு முன்பே ஜாரைத் தூக்குகிறீர்கள், அல்லது சுவிட்ச் போட்டபடியே வைக்கிறீர்கள். எது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: ஜாருக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது. பரவாயில்லையா? (நாகர்கோவில்)

பதில்: பரவாயில்லை இல்லை. புஷ் தேய்ந்துவிட்டது, அந்தத் தண்ணீர் நேராக மோட்டாருக்குத்தான் போகும். மாற்றும்வரை அந்த ஜாரைத் தொடாதீர்கள்.

கேள்வி: சத்தம் தாங்க முடியவில்லை, அடியில் துணி மடித்துப் போட்டிருக்கிறேன். குறைந்த மாதிரி இருக்கிறது. சரிதானா? (கோயம்புத்தூர்)

பதில்: ஐயையோ, எடுத்துவிடுங்கள். மோட்டார் மூச்சு விடும் ஓட்டைகள் நிறைய மிக்ஸியில் அடியில்தான் இருக்கின்றன. துணி போட்டால் சத்தம் குறையும், மிக்ஸியின் ஆயுளும் குறையும். ஒரு கை தூரத்தில் 85, 90 டெசிபல் என்பது மிக்ஸிக்குச் சாதாரணம், என் போனில் அளந்தாலும் அதே சுற்றுவட்டம்தான் வருகிறது. மேடை எவர்சில்வர் தகடாக இருந்தால் கருங்கல் மேடைக்கு மாற்றிப் பாருங்கள், நாலு ரப்பர் காலும் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒன்று கழன்றிருந்தாலும் தடதடக்கும். திடீரென்று கூடிய சத்தம் என்றால் அது வேறு, ஜாரை மாற்றிப் போட்டு எந்த ஜாரில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

கேள்வி: வேகவைத்த தக்காளியைச் சுடச்சுட அரைத்தேன், மூடி பறந்து கூரையெல்லாம் சிவப்பு. மூடி லூஸா? (விழுப்புரம்)

பதில்: மூடி மேல் பழி போடாதீர்கள். மூடிய ஜாருக்குள் சூடான பொருளை அடித்தால் ஆவி எங்கே போகும்? ஆறவிட்டு அரையுங்கள், அவசரம் என்றால் ஜாரில் கால் பங்கு மட்டும் போட்டு, மூடியில் இருக்கும் சின்ன அடைப்பானை எடுத்துவிட்டு, மேலே துணியைப் பிடித்துக்கொண்டு மெதுவான வேகத்தில். ஸ்க்ரூ மாதிரி திருகி மூடும் சின்ன ஜார்களில் சூடானதை எந்தக் காலத்திலும் போடாதீர்கள், அதில் ஆவிக்கு வழியே கிடையாது.

கேள்வி: கல் உப்பு போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்கிறார்களே? (பல ஊர்கள்)

பதில்: உப்புத்தூள் வரும். ஒட்டிக்கொண்டிருந்த பழைய மசாலா போகும், அதனால் கூரான மாதிரி தோன்றும். நிஜமாகவே மழுங்கியிருந்தால் பிளேடை மாற்றுங்கள், 100, 150 ரூபாய் ஆகும், மாற்றும்போதே புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள்.