டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலை ஏன் 'களிமண் தரையின் அரசன்' என்கிறார்கள்?

பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன் களிமண் தரைப் போட்டி. மேலே கிடப்பது அரைத்த செங்கல் பொடி, ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான். அங்கே நடால் 2005 முதல் 2022 வரை 14 முறை பட்டம் வென்றார். ஆடிய 116 ஆட்டங்களில் தோற்றது நான்கே நான்கு!

காரணம் உராய்வு. வியாசர்பாடி கேரம் போர்டில் பவுடர் இருந்தால் ஸ்ட்ரைக்கர் வழுக்கிப் பறக்கும்; இல்லாவிட்டால் போர்டு இழுத்துப் பிடிக்கும். புல்தரை முதல் வகை, களிமண் இரண்டாவது. பந்தின் வேகம் குறையும். மேற்சுழற்சியோடு (முன்னோக்கி உருள்வதுபோல் சுழன்றபடி) விழுந்தால் தரையைக் கவ்வி உயர எழும்பும். நடால் இடது கையால் அப்படிச் சுழற்றி அடித்த பந்து, வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது அவருடைய இடப்புறம், தோள் உயரத்துக்கு ஏறும். அதை ஒற்றைக் கையால் திருப்பி அடிப்பது இன்னொரு டென்னிஸ் ஜாம்பவான் ரோஜர் ஃபெடரருக்கே பெரும்பாடு.

களிமண்ணில் மட்டும்தான் ஜெயிப்பார் என்பது தவறு: அவருடைய 22 கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களில் 8 வேறு தரைகளில் வந்தவை, விம்பிள்டன் புல்தரையிலேயே 2008, 2010 என இரண்டு.