வரைபடத்தில் புள்ளி இல்லையென்றால் விலங்கு இல்லையா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டுப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக, அது வரும் முன் அங்கே என்னென்ன இருக்கிறது என்று பதியும் அடிப்படை ஆய்வு செய்கிறோம். களத்தில் இறங்குவதற்கு முன் 10 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கிற காட்டுயிர்த் தரவுகளைத் திரட்டச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தேடுவது, எதை நம்புவது?

முதலில், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பட்டியலாகப் பதிகிற ஈபேர்ட் (eBird) இணையதளத்தைத்தான் திறப்பீர்கள், தப்பில்லை. ஆனால் புள்ளிகளை வரைபடத்தில் போட்டதும் கொஞ்ச நேரம் அதையே பாருங்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களின் கரையோரமாகப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பொத்தையும் (சிறு பாறைக்குன்று) உடைமரங்களுமாகக் கிடக்கிற நிலம், அதாவது உங்கள் சுரங்கம் வரப்போகிற மாதிரி நிலம், பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அங்கே பறவை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, பைனாகுலரோடு அங்கே யாரும் போகவில்லை, அவ்வளவுதான். அதனால் எத்தனை இனம் என்று எழுதும் முன்பே, எந்த இடத்தில் எந்த மாதம் எத்தனை பட்டியல் பதிவாகியிருக்கிறது என்று ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள். காலியாக இருக்கிற கட்டங்களுக்குத்தான் உங்கள் களக்குழு முதலில் போக வேண்டும்.

ஒரு பட்டியலைத் திறந்து அதில் நடந்த தூரத்தையும் பாருங்கள். 8 கி.மீ. நடந்தவர் பார்த்த பறவையெல்லாம் ஒரே புள்ளியில்தான் உட்கார்ந்திருக்கும். வேட்டைக்கோ பிடிப்புக்கோ ஆளாகக்கூடிய இனங்களின் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்புறம், பல இடங்களின் உயிரினப் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் உலகத் தரவுத்தளமான ஜிபிஐஎஃப் (GBIF). அதில் ஈபேர்ட் பதிவுகளும், எல்லா உயிரினங்களையும் படத்தோடு பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தின் பதிவுகளும் சேர்ந்தே வரும், ஆகவே மூன்றையும் தனித்தனியாக இறக்கிக் கூட்டினால் ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள்.

வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, சுமார் 16 சதுர கி.மீ.தான். ஆனால் மான் எல்லைக்கல்லைப் பார்த்து மேய்வதில்லை. மாவட்ட வன அலுவலருக்கு முதல் வாரமே கடிதம் கொடுத்து, கணக்கெடுப்பு விவரங்களையும் மேலாண்மைத் திட்டத்தையும் கேளுங்கள், பதில் வர நாளாகும். பஞ்சாயத்தில், ஊரின் உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள்.

பக்கத்துத் திட்டங்களின் பழைய அறிக்கைகள், சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அவற்றைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக வேண்டாம். வறண்ட சமவெளிக் குவாரி ஒன்றின் அறிக்கையில் நீலகிரிக் கருமந்தியின் பெயரை நானே பார்த்திருக்கிறேன். மலை ஆய்வு எதிலிருந்தோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை, ஏனென்றால் இல்லாத குரங்கை எழுதியவர்கள் அங்கே இருந்த எதை விட்டார்கள் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எந்த விலங்கு சட்டத்தின் எந்தப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறது என்று அந்த அறிக்கைகள் சொல்லும் எண்களையும் அப்படியே எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 6 பட்டியல்கள் 2022 திருத்தத்தில் 4 ஆகிவிட்டன, 2023 ஏப்ரல் 1 முதல் அதுதான் நடைமுறை. அதிகப் பாதுகாப்புள்ள முதலாம் பட்டியலில் வரும் உயிரினம் இருந்தால் தனிப் பாதுகாப்புத் திட்டமே கேட்பார்கள்.

கடைசியாக, கிடை போடுகிற ஆட்டுக்காரர்களிடம் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் வரும், அதனால் படங்களைக் காட்டி, நடுவில் அந்த ஊரில் இருக்கவே முடியாத ஒரு விலங்கின் படத்தையும் வைத்துக் கேளுங்கள்.